பாறை வெந்த சூடு எவ்வளவு? மென்பொருளைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய கைக்கணக்கு

பூமிக்குள் சூட்டாலும் அழுத்தத்தாலும் மாறிய உருமாற்றப் பாறைகளைப் படிக்க வருகிறவர்கள் பலர் முதல் வாரத்திலேயே மென்பொருளை இறக்கிவிடுகிறார்கள். பாறையின் வேதி அளவுகளை உள்ளிட்டால் வண்ண வண்ணக் கட்டங்களோடு ஒரு வரைபடம் வந்துவிடும். அதில் ஒரு கோட்டைக் காட்டி “இது ஏன் இங்கே ஓடுகிறது, நூறு டிகிரி தள்ளி ஏன் ஓடவில்லை?” என்று கேட்டால் பதில் வராது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பின்னால் ஒரு நோட்டும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு மூன்றே மூன்று கனிமங்களுக்குக் கணக்குப் போட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. அந்த வரிசையில்தான் இங்கேயும் போகப் போகிறோம். பிளஸ் டூ வேதியியலில் என்தால்பி, என்ட்ரோபி படித்த நினைவு கொஞ்சம் இருந்தால் போதும்.

முதலில் பாறையைப் பாருங்கள்

கணக்குக்கு முந்தைய வேலை நுண்ணோக்கியில் இருக்கிறது. பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த தின் செக்ஷனை வைத்து, எந்தெந்தக் கனிமங்கள் ஒரே காலத்தில் சேர்ந்து இருந்தன என்று கண்டுபிடிக்க வேண்டும். வெப்ப இயக்கவியல் சமன்பாடுகள் எல்லாம் சமநிலையில் இருந்த கனிமங்களுக்கு மட்டுமே பொருந்தும். வேறு வேறு காலத்தில் வந்தவற்றை ஒரே சமன்பாட்டில் போட்டாலும் கணக்கு ஒரு எண்ணைத் தரும். தப்பு என்று அது சொல்லாது.

நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். கார்னெட்டுக்குள் சிறைப்பட்டிருக்கும் சிறு துகள்கள் முதல் பத்தியில். அவை கார்னெட் வளர்வதற்கு முன்பே, அல்லது வளரும்போது, இருந்தவை. ஒன்றையொன்று நேராகத் தொட்டுக்கொண்டு, இடையில் வேறு கனிம விளிம்பு எதுவும் இல்லாமல், சுத்தமான எல்லையோடு இருப்பவை நடுப் பத்தியில். கார்னெட்டின் விரிசலில் ஓடும் பச்சைக் குளோரைட், ஃபெல்ஸ்பாரைத் தின்றுகொண்டிருக்கும் பொடி மைக்கா போன்றவை மூன்றாவது பத்தியில். அவை பாறை ஆறும்போது வந்தவை. பெரும்பாலும் கணக்கு நடுப் பத்திக்குத்தான். இந்தப் பட்டியலை அவசரமாகப் போடாதீர்கள். ஒரு பாறைக்கு இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

எத்தனை கனிமம் இருக்கலாம்?

கிப்ஸ் 1870களில் தந்த நிலைமை விதி இங்கே எண்ணிக்கைக்கு உதவும். கனிமம், உருகிய குழம்பு, பாய்மம் (பாறையிடுக்கில் இருக்கும் நீர், வாயு போன்றவை) ஒவ்வொன்றும் ஒரு நிலைமை. வேதிக் கூறுகளின் எண்ணிக்கையில் நிலைமைகளின் எண்ணிக்கையைக் கழித்து இரண்டைக் கூட்டினால், சமநிலையைக் கெடுக்காமல் நாம் தனித்தனியே மாற்றக்கூடிய அளவுகள் எத்தனை என்று தெரியும். அந்த இரண்டு, வெப்பநிலையும் அழுத்தமும்.

அலுமினியச் சிலிக்கேட் கனிமங்கள் மூன்றை எடுத்துக்கொள்வோம்: ஆண்டலுசைட், கயனைட், சில்லிமனைட். மூன்றுக்கும் வேதி அமைப்பு ஒன்றே. இரண்டு அலுமினியம், ஒரு சிலிக்கான், ஐந்து ஆக்சிஜன். அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. ஆக, கூறு ஒன்று. கனிமம் ஒன்றாக இருந்தால் வெப்பநிலை, அழுத்தம் இரண்டும் மாறலாம்: வரைபடத்தில் ஒரு பரப்பு. இரண்டு இருந்தால் ஒரு கோடு. மூன்றும் சேர்ந்தால் ஒரே புள்ளி. நமது கைக்கணக்கு இந்தப் புள்ளியைத் தேடித்தான்.

கைக்கணக்கு

கொடுத்த வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் எந்தக் கனிமத்தின் கிப்ஸ் ஆற்றல் குறைவோ அதுவே நிலைக்கும். ஒரு வினைக்கு அதை இப்படி எழுதலாம்:

ஆற்றல் மாற்றம் = என்தால்பி மாற்றம் − (வெப்பநிலை × என்ட்ரோபி மாற்றம்) + (அழுத்தம் × கன அளவு மாற்றம்)

விளைபொருளிலிருந்து வினைபொருளைக் கழித்ததுதான் மாற்றம். விடை எதிர்ம எண்ணாக வந்தால் வினை முன்னோக்கி ஓடும். சுழியாக வந்தால் இரண்டும் சமநிலையில் இருக்கின்றன. அதாவது நீங்கள் கோட்டின் மேல் நிற்கிறீர்கள்.

தரவுகள் இவை. டிம் ஹாலந்தும் ரோஜர் பவலும் 1998இல் வெளியிட்ட கனிமத் தரவுத் தொகுப்பை ஒட்டி, கைக்கணக்குக்காகச் சற்றே தோராயமாக்கியவை. என்ட்ரோபி, ஒரு மோலுக்கு, ஜூல்/கெல்வினில்: கயனைட் 83.5, ஆண்டலுசைட் 92.7, சில்லிமனைட் 95.5. கன அளவு, ஜூல்/பாரில்: கயனைட் 4.414, ஆண்டலுசைட் 5.153, சில்லிமனைட் 4.986. என்தால்பியில் கயனைட்தான் மிகக் குறைவு. அதைவிட ஆண்டலுசைட் சுமார் 4,350 ஜூல் அதிகம், சில்லிமனைட் சுமார் 7,450 ஜூல் அதிகம்.

கயனைட் ஆண்டலுசைட்டாக மாறும் வினைக்கு என்ட்ரோபி மாற்றம் 9.2, கன அளவு மாற்றம் 0.739. எனவே:

4,350 − 9.2 × வெப்பநிலை + 0.739 × அழுத்தம் = 0

ஒரு பார் அழுத்தத்தில் கடைசி உறுப்பைக் கண்டுகொள்ள வேண்டாம். 4,350ஐ 9.2ஆல் வகுத்தால் 473 கெல்வின், அதாவது 200 டிகிரி செல்சியஸ். வெப்பநிலையைக் கிடையாகவும் அழுத்தத்தை மேல்நோக்கியும் வைத்து வரைந்தால், கோடு அங்கே தொடங்குகிறது. அதன் சாய்வு, என்ட்ரோபி மாற்றத்தைக் கன அளவு மாற்றத்தால் வகுத்தது: 9.2 ÷ 0.739 = டிகிரிக்கு 12.4 பார். இதுதான் கிளாபேரான் சமன்பாடு. பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர உள்ளே ஒரு வகுத்தல்தான்.

கயனைட் சில்லிமனைட்டாக மாறும் வினைக்கும் அதேபோல:

7,450 − 12.0 × வெப்பநிலை + 0.572 × அழுத்தம் = 0

இந்தக் கோட்டின் சாய்வு 21 பார். இரண்டு சமன்பாடுகளையும் பத்தாம் வகுப்பில் செய்ததுபோல ஒன்றாகத் தீர்த்தால் கிடைப்பது 837 கெல்வின், 4,530 பார். சுமார் 564 டிகிரி செல்சியஸ், 4.5 கிலோபார். மேலோட்டில் ஒரு கிலோபாருக்கு மூன்றரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று வைத்தால், ஏறத்தாழ 16 கிலோமீட்டர் ஆழம். மூன்று கனிமங்களும் சந்திக்கும் புள்ளி இதுதான்.

மூன்றாவது கோடு, ஆண்டலுசைட் சில்லிமனைட்டாக மாறுவது, தானாகவே அந்தப் புள்ளி வழியாகப் போக வேண்டும். போட்டுப் பாருங்கள். என்தால்பி 3,100, என்ட்ரோபி 2.8, கன அளவு மாற்றம் −0.167. சில்லிமனைட் அடர்த்தி கூடியது என்பதால் கோடு இடப்பக்கமாகச் சாய்கிறது: அழுத்தம் ஏற ஏற, வினைக்கு வேண்டிய சூடு குறைகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கன அளவைச் சில அட்டவணைகள் கன சென்டிமீட்டரில் தரும். கயனைட்டுக்கு 44.14 என்று இருக்கும். பத்தால் வகுத்தால்தான் ஜூல்/பார். நான் முதல் தடவை வகுக்க மறந்துபோய், மூன்றும் சந்திக்கும் இடம் 450 பாரில் வந்து நின்றது. அதாவது ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம். எண்ணெய்க் கிணறு போகும் ஆழத்தைவிடக் குறைவு! அதையும் அழகாக மை போட்டு வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன்.

கோடுகள் கிடைத்தாயிற்று, அவற்றை நிலத்தில் பாருங்கள்

நிலவியலாளர் ஜார்ஜ் பாரோ 1893இல் ஸ்காட்லாந்து மலைநாட்டில் வரைந்த கனிம மண்டலங்களில், சூடு கூடும் திசையில் நடந்தால் முதலில் கயனைட், அப்புறம் சில்லிமனைட். அதற்கு வடகிழக்கே புகான் பகுதியில் கயனைட்டுக்குப் பதில் ஆண்டலுசைட், அதற்குப் பிறகு சில்லிமனைட். உங்கள் வரைபடத்தில் விரலை வைத்து இரண்டு பாதைகளையும் இழுத்துப் பாருங்கள். முதல் பாதை சந்திப்புப் புள்ளிக்கு மேலே போகிறது, இரண்டாவது கீழே போகிறது. பக்கத்துப் பக்கத்து நிலங்கள்தாம். ஆனால் ஒன்று ஆழத்தில் வெந்தது, இன்னொன்று அவ்வளவு ஆழமில்லாத இடத்தில் அதே அளவு சூடு கண்டது.

விடையை எவ்வளவு நம்பலாம்?

ஆண்டலுசைட்–சில்லிமனைட் கோட்டுக்கு வருவோம். 600 டிகிரி, அதாவது 873 கெல்வின், 3 கிலோபார் என்று போட்டால் ஆற்றல் மாற்றம் சுமார் +155 ஜூல். ஆண்டலுசைட்தான் நிலைக்க வேண்டும் என்கிறது கணக்கு. ஆனால் 155 ஜூல் என்பது என்ன? ஆண்டலுசைட்டின் உருவாக்க என்தால்பியே மைனஸ் 25,88,000 ஜூலுக்கு மேல். அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினால், சுமார் 260 ஜூல், என்ட்ரோபி மாற்றம் வெறும் 2.8 என்பதால் கோடு 90 டிகிரிக்கு மேல் நகர்ந்துவிடும். இந்த ஒரு வகுத்தலைச் செய்து பார்த்தவர்கள் பிறகு எந்த வரைபடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டார்கள்.

ஆய்வுக்கூடங்களும் இதில் திண்டாடியிருக்கின்றன. 1969இல் ரிச்சர்ட்சன், கில்பர்ட், பெல் மூவரும் சந்திப்புப் புள்ளியை 622 டிகிரி, 5.5 கிலோபார் என்றார்கள். இரண்டே ஆண்டில் ஹோல்டவே 501 டிகிரி, 3.76 கிலோபார் என்றார். 120 டிகிரி வித்தியாசம்! சோதனைக்கு எடுத்த சில்லிமனைட்டில் கலந்திருந்த இழை வடிவம்தான் குழப்பத்துக்குக் காரணம் என்பது ஹோல்டவேயின் வாதம். 1992இல் பாட்டிசன், ஸ்காட்லாந்தின் பாலகூலிஷில் குழம்பாக ஊடுருவி உறைந்த பாறைத் திரளைச் சுற்றி வெந்த பாறைகளை வைத்து 550 டிகிரி, 4.5 கிலோபார் என்று நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். நம் கைக்கணக்கு அதை ஒட்டி வருகிறது. வெப்பக் கொள்திறனைக் கணக்கில் எடுக்காமலே இவ்வளவு நெருக்கம் கிடைப்பதற்குக் காரணம், மூன்று கனிமங்களின் கொள்திறனும் ஏறத்தாழ ஒன்றாக இருந்து ஒன்றையொன்று அடித்துவிடுவதுதான். எல்லா வினைக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடையாது.

அப்புறம், மூன்று கனிமங்களும் ஒரே தின் செக்ஷனில் இருந்தால் பாறை அந்தப் புள்ளியில் வெந்தது என்று எழுதிவிடாதீர்கள். ஆற்றல் வித்தியாசம் இவ்வளவு சொற்பமாக இருக்கும்போது பழைய கனிமம் மாறாமல் அடம்பிடித்து உட்கார்ந்திருப்பது சகஜம். நுண்ணோக்கியில் போட்ட மூன்று பத்திக்கு இங்கேதான் வேலை வருகிறது.

நீர் வெளியேறும் வினைகள்

திண்மக் கனிமங்கள் மட்டும் இருந்தால் கோடு கிட்டத்தட்ட நேராக இருக்கும். மஸ்கோவைட்டும் (வெள்ளை மைக்கா) குவார்ட்சும் சேர்ந்து பொட்டாசியம் ஃபெல்ஸ்பார், அலுமினியச் சிலிக்கேட், நீர் என்று உடையும் வினையில் கோடு வளையும். குறைந்த அழுத்தத்தில் நீராவியின் கன அளவு மிகப் பெரிது. எனவே சாய்வு குறைவு. அழுத்தம் ஏறினால் ஆவி நெருங்கிச் சுருங்கிக் கன அளவு மாற்றம் சிறிதாகும், கோடு நிமிர்ந்துவிடும். இதற்குக் கன அளவை மாறிலியாக வைத்துக் கணக்குப் போடக்கூடாது. நீருக்கென்று தனி அட்டவணை வேண்டும், அல்லது மென்பொருள் வேண்டும்.

அதைவிட முக்கியம், அந்தப் பாய்மம் சுத்தமான நீரா என்பது. நம்மூர்ப் பாறையே இதற்கு உதாரணம். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருமையான பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தவர் தாமஸ் ஹாலந்து. (மேலே தரவு தந்த ஹாலந்து வேறு.) கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் அந்தப் பாறையால் ஆனது என்பதால் அந்தப் பெயர். அதன் அடையாளக் கனிமம் ஆர்த்தோபைராக்சீன். அது பிறக்கும் வழிகளில் ஒன்று: பயோடைட்டும் (கருப்பு மைக்கா) குவார்ட்சும் சேர்ந்து ஆர்த்தோபைராக்சீன், பொட்டாசியம் ஃபெல்ஸ்பார், நீர் என மாறுவது. பாய்மத்தில் கார்பன் டை ஆக்சைடு கலந்து நீரின் பங்கு குறைந்தால் இந்த வினை குறைந்த சூட்டிலேயே நடந்துவிடும்.

எவ்வளவு குறையும்? ஆற்றல் சமன்பாட்டில் இன்னொரு உறுப்பைச் சேர்க்க வேண்டும்: வாயு மாறிலி 8.314 × வெப்பநிலை × நீரின் ஆக்டிவிட்டியின் இயல் மடக்கை. ஆக்டிவிட்டி என்பது பாய்மத்தில் நீர் எவ்வளவு வலுவோடு வினையில் பங்கெடுக்கிறது என்பதன் அளவு; சுத்தமான நீருக்கு அது 1. ஆக்டிவிட்டி 0.3, வெப்பநிலை 1,000 கெல்வின் என்று வையுங்கள். 0.3இன் இயல் மடக்கை −1.204. பெருக்கினால் சுமார் −10,000 ஜூல். வினையின் என்ட்ரோபி மாற்றம் 80 என்று எடுத்துக்கொண்டால், கோடு 125 டிகிரி கீழே இறங்கிவிடும். ஆண்டலுசைட்டில் நூறு ஜூலுக்கு மல்லுக்கட்டினோம். இங்கே ஒரே அடியில் பத்தாயிரம்.

கர்நாடகத்தின் கப்பால்துர்கா கல்குவாரியில் வெளிர் நைஸ் பாறைக்கு நடுவே கரும்பச்சைத் திட்டுகளாகச் சார்னோகைட் பரவியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஜனார்த்தனும் நியூட்டனும் ஸ்மித்தும் நீர் குறைந்த பாய்மம்தான் காரணம் என்று 1970களின் இறுதியில் எழுதினார்கள். பாறை பகுதி உருகி, நீரைக் குழம்பு எடுத்துக்கொண்டுபோனாலும் இதே விளைவு வரும் என்பது மறுபக்க வாதம். வெப்ப இயக்கவியல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஆக்டிவிட்டி குறைந்தது என்று மட்டும்தான் அது சொல்லும், யார் குறைத்தார்கள் என்று சொல்லாது. ஒரே பதில் எல்லா மலைக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கார்னெட்டும் பயோடைட்டும்: கையோடு ஒரு வெப்பமானி

நிஜப் பாறைகளில் கனிமங்கள் சுத்தமாக இருப்பதில்லை. கார்னெட்டில் இரும்பும் மெக்னீசியமும் கலந்தே இருக்கும், பயோடைட்டிலும் அப்படியே. சூடு ஏறினால் கார்னெட் கூடுதல் மெக்னீசியத்தை ஏற்றுக்கொள்ளும். இந்தப் பரிமாற்றத்தில் கன அளவு மாற்றம் மிகச் சிறிது என்பதால் அழுத்தத்தின் பாதிப்பு குறைவு. வெப்பமானிக்கு அதுதான் வேண்டும். அழுத்தமானிக்கு நேர்மாறு: அனார்த்தைட் (கால்சிய ஃபெல்ஸ்பார்) உடைந்து கிராசுலர் கார்னெட், கயனைட், குவார்ட்ஸ் தரும் வினைபோலக் கன அளவு நிறையச் சுருங்குவதைத் தேடுங்கள்.

ஃபெர்ரியும் ஸ்பியரும் 1978இல் 2.07 கிலோபாரில் செய்த சோதனையின் முடிவு இது:

பரவல் எண்ணின் இயல் மடக்கை = 0.782 − (2,109 ÷ வெப்பநிலை)

பரவல் எண் என்பது கார்னெட்டின் மெக்னீசியம்–இரும்பு விகிதத்தைப் பயோடைட்டின் அதே விகிதத்தால் வகுத்தது. ஒரு மாதிரிக் கணக்கு: மைக்ரோபுரோப் (கனிமத்தின் சிறு புள்ளியில் வேதி அளவைக் காணும் கருவி) அளவீட்டிலிருந்து கிடைத்த அணு எண்ணிக்கை, கார்னெட்டில் மெக்னீசியம் 0.45, இரும்பு 2.25, விகிதம் 0.20. பயோடைட்டில் 1.32, 1.20, விகிதம் 1.10. பரவல் எண் 0.182. அதன் மடக்கை −1.705. வெப்பநிலை = 2,109 ÷ (0.782 + 1.705) = 848 கெல்வின், அதாவது 575 டிகிரி. அழுத்தம் உண்மையில் 5 கிலோபார் என்றால் சுமார் 11 டிகிரி கூடும். அவ்வளவுதான்.

எந்தப் புள்ளியை அளந்தீர்கள் என்பதில்தான் சிக்கல். 600 டிகிரியையொட்டி வெந்த சிஸ்ட் பாறையில் கார்னெட்டின் விளிம்பும், அதற்குச் சற்றுத் தள்ளியுள்ள பயோடைட்டும் நல்ல ஜோடி. நடுப்பகுதியையும் இன்றைய பயோடைட்டையும் சேர்த்தால் தாத்தாவையும் பேரனையும் ஒரே வயது என்று சொன்ன கதை. மிகு சூட்டில் வெந்த கிராணுலைட் பாறையில் விளிம்பையும் நம்ப முடியாது. 800, 900 டிகிரியில் வெந்த பாறை மெதுவாக ஆறும்போது இரும்பும் மெக்னீசியமும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வெப்பமானி, பாறை கண்ட உச்சச் சூட்டைக் காட்டாமல், மாற்றம் நின்றுபோன சூட்டைக் காட்டும்.

பழனி மலையடிவாரத்தில் கெங்குவார்பட்டிப் பகுதிப் பாறைகளில் சாஃபிரின் என்ற கனிமம் கிடைக்கிறது. இத்தகைய கனிமக் கூட்டத்தை வைத்து மதுரைத் தொகுதி (Madurai Block) என்ற நிலப்பகுதியின் பாறைகள் 900 டிகிரிக்கு மேல் கண்டவை என்கிறார்கள். இலங்கையின் நடுமலைநாட்டு உருமாற்றப் பாறைகளிலும் இதே வகைச் சான்றுகள் உண்டு. அங்கேயெல்லாம் இரும்பு–மெக்னீசிய வெப்பமானி நூறு இருநூறு டிகிரி குறைத்துச் சொன்னால் பதற வேண்டாம். ஆர்த்தோபைராக்சீனுக்குள் இருக்கும் அலுமினியத்தைப் பாருங்கள். அது அவ்வளவு சுலபமாக நகராது.

இப்போது மென்பொருள்

தெர்மோகால்க், பெர்பிள்எக்ஸ், தெரியாக்–டொமினோ மூன்றுமே இலவசம். ஒரு குறிப்பிட்ட பாறையின் வேதி அளவுக்கு எந்தக் கனிமக் கூட்டம் எந்த இடத்தில் நிலைக்கும் என்று வரைந்து தரும். எடுத்த மென்பொருள் மோல் அளவைக் கேட்டால், ஆக்சைடு எடைச் சதவீதத்தை மோலாக மாற்றி உள்ளிடுங்கள். சில வடிவங்கள் எடையையே ஏற்கும், கையேட்டைப் பாருங்கள்.

மூன்று இடத்தில் புதியவர்கள் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன். மாங்கனீசு குறைவுதானே என்று விட்டுவிடுவார்கள். ஆனால் கார்னெட் எந்தச் சூட்டில் தொடங்கும் என்பதை அந்தச் சொற்ப மாங்கனீசு பெரிதாக மாற்றும். இரும்பில் எவ்வளவு ஃபெரிக் வடிவம் என்று யோசிக்காமல் எல்லாவற்றையும் ஃபெரஸ் என்று போட்டுவிடுவார்கள். கிராணுலைட்டுக்கும் தண்ணீர் தாராளம் என்று கொடுத்துவிடுவார்கள். உருகிய குழம்பு வெளியேறி உலர்ந்துபோன பாறைக்கு அது பொருந்தாது, வரைபடம் முழுக்கக் குழம்பாகவே வரும்.

உங்கள் பாறையை உள்ளிடும் முன், அலுமினியச் சிலிக்கேட்டை மட்டும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். சந்திப்புப் புள்ளி 564 டிகிரியிலிருந்து சில பத்து டிகிரிக்குள் வந்தால் தரவுக் கோப்பும் அலகுகளும் சரி. 450 பாரில் வந்தால், என்ன மறந்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.